வைக்கோல் கட்டுல தக்காளி வச்சவங்க உங்க அனுபவத்தை சொல்லுங்க, எனக்கு நடந்தது இது

கொடிப்பந்தல்:

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். மண்ணுக்குப் பதிலா வைக்கோல் கட்டுலயே செடி வைக்கிற முறை. ஆறு கட்டு, பன்னெண்டு தக்காளி, கட்டுக்கு ரெண்டு. வெட்டுப்பக்கம் மேல, கயிறு பக்கவாட்டுல, நனைச்சு உரம் போட்டு 12 நாள் பதப்படுத்தி, உள்ள மக்கறப்ப வர்ற சூடு முழுசா எறங்கினப்புறம்தான் நாத்து வச்சேன். ரெண்டு வாரம் அருமையா வந்துச்சு. மூணாவது வாரம் ஒரு நாள் காலைல தண்ணி விடப் போறேன், முதல் கட்டுல இருந்த செடியோட கொழுந்து இலை மாதிரியே இல்ல. பெரணிச் செடி இலை இருக்கும்ல, அந்த மாதிரி ஒல்லியா நீளமா, ஓரமெல்லாம் உள்ள சுருண்டு, காம்பு கயிறு முறுக்கின மாதிரி திரும்பி நிக்குது. அடுத்த கட்டுக்குப் போனா அங்கயும் அதே. பன்னெண்டும் அப்படியேதான், ஒண்ணு கூட தப்பல.

என்னை இன்னும் தூங்க விடாதது அது இல்ல. அதே தட்டுல மிச்சமான ரெண்டு நாத்தை சும்மா ஒரு தொட்டியில மண்ணுல வச்சிருந்தேன், கட்டுல இருந்து நாலு அடி தள்ளி. அதே விதை, ஒரே நாள் நட்டது, ஊத்துறதும் அதே தண்ணிதான். அது ரெண்டும் கரும்பச்சையா சும்மா ஜம்முனு நிக்குது. அந்த ரெண்டுக்கும் இந்த பன்னெண்டுக்கும் நடுவுல நின்னு மாத்தி மாத்தி பார்த்துட்டே இருந்தேன், வெயில் ஏறினது கூட தெரியல. இந்த மாதிரி யாருக்காவது ஆகியிருக்கா?

வைக்கப்போர்:

எனக்கு வேற மாதிரி ஆச்சு ஆனா அதுவும் மறக்க முடியாதது. நாத்து தட்டுல ரொம்ப வளந்துருச்சு, வேர் அடியில சுத்த ஆரம்பிச்சிருச்சு, இனிமேல் தாங்காதுன்னு பதப்படுத்த ஆரம்பிச்ச ஏழாவது நாளே நட்டுட்டேன். கட்டு மேல கை வச்சா சாதாரணமாத்தான் இருந்துச்சு, அதை நம்பினேன். ரெண்டு நாள்ல எட்டு செடியும் தலை சாஞ்சுது. தண்ணி பத்தலையோன்னு இன்னும் ஊத்தினேன். அப்புறம் ஒண்ணைப் புடுங்கினேன், வேர் வெந்த கீரை மாதிரி கையோட வழிஞ்சு வந்துச்சு. அந்த குழிக்குள்ள விரலை விட்டேன், சட்டுனு வெளிய எடுத்துட்டேன், அவ்வளவு சூடு. தெர்மாமீட்டரை சொருகிப் பார்த்தா 58 டிகிரி. மேல நாலு விரல்கடை வரைக்கும் காத்து பட்டு ஆறிடுது, உள்ள கொதிக்குது. மேல தொட்டுப் பார்த்து நடாதீங்க, கை முழுசா உள்ள போய் வெதுவெதுப்பு மட்டும் இருந்தாத்தான் நடணும், தெர்மாமீட்டர் இருந்தா 40க்கு கீழ எறங்கற வரைக்கும் காத்திருங்க.

உங்களுக்கும் சூடுதான்னு எனக்குத் தோணுது. உள்ள மறுபடி சூடேறி இருக்கும்.

மண்புழு:

உரம்னு யூரியா போட்டா இப்படித்தான் ஆகும், மன்னிச்சுக்கோங்க, எல்லாரும் கட்டுக்கு அரை கப் அரை கப்னு கொட்டறீங்க. நான் மக்கின கோழி எரு மட்டும் போட்டு செஞ்சேன். என் அனுபவம் என்னன்னா கட்டு சூடே ஆகல. பத்து நாள் ஆச்சு, பன்னெண்டு நாள் ஆச்சு, உள்ள கை விட்டா சில்லுனு இருக்கு. சரி சூடு இல்லைன்னா நல்லதுதானேன்னு கத்திரியும் மிளகாயும் வச்சேன். மூணே வாரத்துல அடி இலைல இருந்து மஞ்சள் ஏறிக்கிட்டே வந்துச்சு, ஒரு நாள் பார்த்தா செடி முழுக்க எலுமிச்சம்பழ நிறம். அந்த நிறம் கண்ணுலயே நிக்குது. ஆனாலும் யூரியா போட மாட்டேன், என் தோட்டத்துல அது உள்ள வராது.

பச்சைமிளகா:

மண்புழு அண்ணா, கோவிச்சுக்காதீங்க, உங்க மஞ்சளுக்கு காரணம் நீங்களே சொல்லிட்டீங்க. கட்டு சூடாகலைன்னா நுண்ணுயிர் வேலை முழு வேகத்துல நடக்கலைன்னு அர்த்தம். வைக்கோல்ல கார்பன் ஏகத்துக்கு இருக்கு, தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ரொம்ப கம்மி. அதை மக்க வைக்கிற கிருமிக்கு தழைச்சத்து வேணும், நாம குடுக்கலைன்னா செடிக்குப் போறதை அதுங்க புடுங்கிக்கும். இயற்கை உரம் போடறது தப்பே இல்ல, ஆனா அளவு வேற. யூரியா அரை கப்புக்கு பதிலா கட்டுக்கு எரு மூணு கப் போடணும், ஒண்ணு விட்டு ஒரு நாள், மூணு தடவை, அப்புறம் மூணு நாள் தினமும் பாதி பாதி. நீங்க எவ்வளவு போட்டீங்கன்னு சொல்லவே இல்லையே. இன்னொண்ணு, முதல்ல கட்டு உள்ள வரைக்கும் ஊறணும். காஞ்ச வைக்கோல் மேல தண்ணி ஊத்தினா பக்கவாட்டுல ஓடிப் போயிடும், உள்ள பொட்டு நனையாது. நெல் வைக்கோலா இருந்தா இன்னும் மெதுவா மக்கும், அதுல சிலிக்கா ஜாஸ்தி.

என் கதை சின்னது. ராத்திரி மழை, திடீர்னு வெளிய பெரிய மூட்டை விழுந்த மாதிரி சத்தம். டார்ச் எடுத்துட்டுப் போனா நாலு கட்டுல ஒண்ணு குப்புற சாஞ்சு கிடக்கு, அதுல ஆள் உயரத் தக்காளி ரெண்டு, காய் காய்ச்சது, முட்டுக்குச்சியோட சேர்ந்து சேத்துல. குச்சியை கட்டுலயே குத்தியிருந்தேன், அதான் தப்பு. மூணு மாசத்துல கட்டு கொழகொழன்னு ஆயிடும், அது எதையும் தாங்காது. டார்ச் வெளிச்சத்துல அந்த பச்சைக் காய் எல்லாம் மழைல பளபளன்னு மின்னிட்டு கிடந்தது இப்பவும் கண்ணுக்குள்ள இருக்கு.

அதனால சொல்றேன், கேக்காட்டியும் சொல்றேன்: ரெண்டு பக்கமும் கம்பத்தை தரைல ஆழமா இறக்கிடுங்க, கட்டை வைக்கிறதுக்கு முன்னாடியே, அப்புறம் குறுக்கால கம்பி கட்டி செடியை அதுல கட்டுங்க, கட்டு அமுங்கினாலும் செடி நிக்கும். கட்டை வரிசையா ஒட்டி வைங்க, தனித்தனியா வச்சா ஓரத்துக் கட்டு முதல்ல உடையும். கயிறை அறுத்துடாதீங்க, கடைசி வரைக்கும் அதுதான் புடிச்சிருக்கும், சணல் கயிறுன்னா பாதியிலயே இத்துப் போயிடும், அதனால சுத்தி இன்னொரு கயிறு கட்டிடுங்க. எங்க வைக்கணுமோ அங்க வச்சுட்டு அப்புறம் நனைங்க, நனைஞ்ச கட்டை ஒரு ஆளால அசைக்க முடியாது. தண்ணி விஷயத்துல எல்லாரும் தப்பு பண்றாங்க, ஒரு நாள் வெள்ளமா விட்டுட்டு ரெண்டு நாள் மறந்துடறது, அப்புறம் தக்காளி அடிப்பக்கம் கறுத்து அழுகுதேன்னு கேக்கறது. மண்ணுல சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் தண்ணி சீரா போனாத்தான் அது காய்க்குப் போய்ச் சேரும், கட்டுல அது இன்னும் கஷ்டம், ஏன்னா புடிச்சு வைக்க மண்ணே இல்ல. சொட்டுநீர்க் குழாயை மேல ஓட விடுங்க, கொஞ்சம் கொஞ்சமா தினமும். வெயில் காலத்துல ரெண்டு வேளை.

சாயங்காலத்தண்ணி:

இது இலைச் சுருட்டை வைரஸ். வெள்ளை ஈ பரப்புறது. கொடிப்பந்தல் அக்கா, இலைக்கு அடியில பாருங்க, தட்டினா வெள்ளையா தூசி மாதிரி பறக்கும். வீட்ல எல்லாரும் பாதிச்ச செடியை புடுங்கி எரிக்கிறதுதான் வழின்னு சொன்னாங்க, நானும் போன தடவை அப்படித்தான் எல்லாத்தையும் புடுங்கினேன். அதுல ஒரு செடில முதல் பழம் அன்னைக்குத்தான் சிவக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அதையும் சேர்த்துதான் புடுங்கினேன்.

வைக்கப்போர்:

வைரஸ்னா பன்னெண்டு செடியும் ஒரே வாரத்துல ஒரே மாதிரி எப்படி ஆகும் தம்பி? அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னுதான ஆரம்பிக்கும். ஈ வந்து கட்டுல இருக்கறதை மட்டும் கடிச்சுட்டு நாலு அடி தள்ளி இருக்க தொட்டியை விட்டுடுமா. நான் சூடுன்னு சொன்னதும் தப்புதான், ஒத்துக்கறேன், சூடுன்னா வேர் போயிருக்கும், செடி வாடியிருக்கும், கொழுந்து மட்டும் பெரணி மாதிரி ஆகாது.

மழைக்காளான்:

நான் நடுவுல வந்து என் கதையை மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன். மூணாவது வாரம் ஒரு காலைல கட்டு முழுக்க காளான், சாம்பல் நிறத்துல குட்டிக் குட்டிக் குடையா ஒரு ஐம்பது அறுபது இருக்கும். மத்தியானம் பார்த்தா எல்லாம் கறுப்பு மை மாதிரி உருகி வைக்கோல்ல வழியுது. செடிக்கு கேடு இல்ல, கட்டு நல்லா மக்குதுன்னுதான் அர்த்தம்னு அப்புறம் தெரிஞ்சுது. ஆனா அந்த காலைல என் பொண்ணு, நாலு வயசு, ஒண்ணைப் புடுங்கி வாய்க்கிட்ட கொண்டு போயிட்டா. ஓடிப் போய் கையைத் தட்டி விட்டேன். பயத்துல ரொம்ப ஓங்கித் தட்டிட்டேன், அவ அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. எந்த காளான்னு யாருக்கும் உறுதியா தெரியாது, சின்னப் பிள்ளைங்க இருக்க வீட்ல தினமும் காலைல முதல் வேலையா அதைப் பொறுக்கிப் போட்டுடுங்க.

வேலியோரம்:

கொடிப்பந்தல், நீங்க சொன்னதைப் படிச்சதும் வயிறு கலங்கிடுச்சு, எனக்கு இதே தான் நடந்துச்சு, கட்டுல இல்ல, மாட்டு எருவுல. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல, முதல்ல அதைச் சொல்லிடறேன்.

அந்த வைக்கோல் வளர்ந்த வயல்ல களைக்கொல்லி அடிச்சிருப்பாங்க. அமினோபைரலிட், குளோபைரலிட்னு ஒரு வகை இருக்கு, அகல இலைக் களையை மட்டும் கொல்லும், புல் இனத்தை ஒண்ணும் செய்யாது, அதனால தானியப் பயிர்லயும் மேய்ச்சல் புல்லுலயும் அடிப்பாங்க. அது வைக்கோலுக்குள்ளயே தங்கிடும், காய வச்சாலும் போகாது, மாடு தின்னா எருவுலயும் வரும், கம்போஸ்ட் ஆக்கினாலும் சுலபத்துல அழியாது. வைக்கோல் மக்க மக்க கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும், அதான் உங்களுக்கு முதல் ரெண்டு வாரம் ஒண்ணும் தெரியாம மூணாவது வாரம் தெரிஞ்சிருக்கு. தக்காளி, அவரை, பட்டாணி, உருளை எல்லாம் இதுக்கு ரொம்ப மென்மை, இம்மி அளவு போதும். எனக்கு அன்னைக்கு பீன்ஸ் வரிசையில நின்னது ஞாபகம் இருக்கு, இலை எல்லாம் கிண்ணம் மாதிரி குவிஞ்சு, பக்கத்துலயே அதே எருவுல புல் இனமான மக்காச்சோளம் எதுவும் நடக்காத மாதிரி நிமிர்ந்து நிக்குது. அந்த சோளத்தைப் பார்த்துதான் எனக்கு உறைச்சுது.

உறுதி பண்ணிக்க வழி இருக்கு. மிச்ச வைக்கோலை பொடியா நறுக்கி நல்ல மண் கலவையோட கலந்து மூணு தொட்டி, வைக்கோல் போடாம வெறும் அதே கலவை மூணு தொட்டி. ஒவ்வொண்ணுலயும் பீன்ஸ் விதை நாலு. ஒரு தொட்டித் தண்ணி இன்னொண்ணுக்கு வழியாம தனித்தனியா வைங்க. முதல் ஜோடி இலையை வச்சு முடிவு பண்ணாதீங்க, அதுக்கு அப்புறம் வர்ற மூணு பிரிவு இலையைப் பாருங்க, ரெண்டு மூணு வாரம் ஆகும்.

மண்புழு:

இதுக்குத்தான் சொல்றேன் ரசாயனம் வேண்டாம்னு.

பச்சைமிளகா:

அண்ணா அந்தக் களைக்கொல்லியை அவங்க போடல, வயல்ல வேற யாரோ அடிச்சது அவங்க வீடு வரைக்கும் வந்திருக்கு. உங்க எரு வந்த கோழிக்கு அடியில விரிச்ச வைக்கோல் எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? சண்டைக்கு கேக்கல, நிஜமாவே கேக்கறேன், எனக்கும் என்னோடது தெரியாது.

மண்புழு:

தெரியாது. கேட்டதே இல்ல. நாளைக்கு கேக்கறேன். எரு எவ்வளவு போட்டேன்னு கேட்டீங்கள்ல, கட்டுக்கு ரெண்டு கைப்பிடி, ஒரே தடவை.

கொடிப்பந்தல்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் நன்றி, வேலியோரத்துக்கு தனியா.

வெறும் கலவைல பன்னெண்டு விதையில பதினொண்ணு முளைச்சு, இலை தட்டையா விரிஞ்சு இருக்கு. வைக்கோல் கலந்ததுல பத்து முளைச்சுது. முதல் ஜோடி இலை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வந்துச்சு, அதைப் பார்த்து எனக்கு குழப்பமே வந்துருச்சு, வைக்கோல் மேல பழி போட்டுட்டோமோன்னு. பத்தொன்பதாவது நாள் அடுத்த இலை விரிஞ்சுது. பத்துலயும் கிண்ணம் மாதிரி குவிஞ்சு, நரம்பு எல்லாம் இணையா ஓடுது.

வைக்கோல் குடுத்தவர்கிட்ட போய்க் கேட்டேன். அவரும் வேற இடத்துல வாங்கினதாம், அங்க என்ன அடிச்சாங்கன்னு அவருக்கே தெரியல. தொட்டியை எடுத்துட்டுப் போய் காட்டினேன், ரொம்ப நேரம் அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனிமேல் வாங்கறப்ப விசாரிக்கிறேன்னு சொன்னார்.

ஆறு கட்டையும் கம்போஸ்ட்ல போடல. தனியா ஓரமா ஒதுக்கி, அதுலயே மக்காச்சோளம் போட்டிருக்கேன், பார்ப்போம். தொட்டில இருந்த அந்த ரெண்டு தக்காளியை பெரிய தொட்டிக்கு மாத்தியாச்சு. ஒண்ணுல பூ வந்திருக்கு.

அடுத்த தடவை கட்டு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி மட்டும் வாங்கிட்டு வந்து பீன்ஸ் போட்டுப் பார்க்கப் போறேன். மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும்.