புதுப்பிப்பு: 4294967297 முதன்மை எண்ணா? விடை கிடைத்துவிட்டது

ஹட்டனில் என்னிடம் டியூஷன் படிக்கும் ஓ.எல். (சாதாரண தர) பிள்ளை ஒருத்தி கிளப்பிய கேள்வியைத்தான் இங்கே போட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

முதன்மை எண் (பகா எண்) அல்ல. 641 × 6700417.

கைகொடுத்தது பதுளை அண்ணா சொன்ன வழி. இது 2 இன் 32 ஆம் வலுவோடு 1 கூட்டிய எண். ஆகவே இதன் முதன்மைக் காரணி எதுவானாலும் 128 ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அப்படி முதலில் வருவது 257, அது வகுக்கவில்லை. அடுத்ததே 641! 2, 3, 5 என்று வரிசையாகப் போயிருந்தால் 116 ஆவது வகுத்தலில்தான் சிக்கியிருக்கும். இந்த வகை எண்களெல்லாம் (2 இன் 1, 2, 4, 8, 16, 32... ஆம் வலுவோடு 1 கூட்டியவை) முதன்மை என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பியதை, இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் 1732 இல் உடைத்ததும் இதே 641 ஆல்தான்.

எதிர்பாராதது, 6700417 உம் முதன்மை எண். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதே விதிப்படி 257, 641, 769, 1153, 1409 ஐந்தை மட்டும் பார்த்தால் போதும். எதுவும் வகுக்காது.

கடைக் கல்குலேட்டர் 8 இலக்கம் என்றால் பெரிய எண் அடங்காது. அதற்கு: 2 இன் 32 ஆம் வலு என்பது 65536 இன் வர்க்கம்தான். 65536 ஐ 641 ஆல் வகுக்க மீதி 154. அதன் வர்க்கத்தோடு 1 கூட்ட 23717, அதாவது 641 × 37. மீதியே 641 ஆல் வகுபடுவதால் பெரிய எண்ணும் வகுபடும்.