கத்தியில் பிசிறு பார்க்கிறவர்கள் கூலியைப் பார்க்கிறார்களா?

நதிமூலம்:
யூத மத அனுஷ்டானமும் சமூக நீதியும் பிரிக்க முடியாதவை என்று போன வாரம் இங்கே பாலைவாசி எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்ற சின்ன ஊரில் அந்நாட்டின் மிகப் பெரிய கோஷர், அதாவது யூதச் சட்டப்படி அறுக்கும், இறைச்சி ஆலை இருந்தது. 2008 மே 12 அன்று அதிகாரிகள் உள்ளே புகுந்து 389 தொழிலாளர்களைக் கைது செய்தார்கள், பெரும்பாலோர் குவாதமாலாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். அங்கே வேலை செய்கிறவர்களை நடத்தும் விதம் பற்றி அதற்கு முன்பிருந்தே புகார்கள் இருந்தன. அறுக்கிற கத்தியில் மயிரிழை பிசிறு இருந்தாலும் இறைச்சியை ஒதுக்கிவிடும் சட்டம், அந்த வரிசையில் நின்று வேலை செய்தவனுக்கு என்ன செய்தது?

பாலைவாசி:
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுவர்களை வேலைக்கு வைத்த வழக்கில் 2010இல் ஆலைத் தலைவர் விடுதலையானார், சிறைக்குப் போனது வங்கி மோசடிக்காக. அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன், ஏனென்றால் அந்த ஆலைக்காக வாதாட நான் வரவில்லை. கூலிக்காரனின் கூலியை அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் கொடு, அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்று யூத வேதத்தில் உபாகமம் 24ஆம் அதிகாரம் சொல்கிறது. எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்ற பட்டியலும் அதே புத்தகத்தில்தான், பத்து அதிகாரம் முன்னால். கூலியை விட்டுவிட்டு உணவுப் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டவரை அனுஷ்டானம் உள்ளவர் என்று எப்படிச் சொல்வது? ஓய்வுநாள் கட்டளையிலேயே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல ஓய்ந்திருக்கட்டும், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்று காரணம் சொல்லியிருக்கிறது.

ஞானசெல்வம்:
எங்கள் சபையில் ஏசாயா 58 அடிக்கடி படிப்போம். பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பகிர்ந்து கொடு, நுகத்தடியை உடை, எனக்கு வேண்டிய உபவாசம் அதுதான் என்கிற பகுதி. யூதர்கள் அதை யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு உபவாச நாளன்று காலையில் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தபோது அசந்துபோனேன். முந்தின நாள் மாலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவர்களிடம், இந்த உபவாசம் மட்டும் போதாது என்று அவர்களுடைய வழிபாடே சொல்கிறது!

நதிமூலம்:
வாசிக்கிறார்கள், சரி. எழுந்து போனது யார்? 1964இல் மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போய், ஜேம்ஸ் சேனி என்ற கறுப்பின இளைஞரோடு சேர்த்துக் கொல்லப்பட்ட குட்மேனும் ஷ்வெர்னரும் யூதர்கள், ஆனால் சடங்குகளைக் கடைப்பிடித்தவர்கள் அல்ல. மனசாட்சி போதும், தோழர்.

பாலைவாசி:
அடுத்த ஆண்டே, 1965 மார்ச்சில், செல்மாவில் மார்ட்டின் லூதர் கிங்கோடு முன்வரிசையில் நடந்த வெள்ளைத் தாடிக்காரரை மறந்துவிட்டீர்கள். ஆபிரகாம் யோசுவா ஹெஷல், வார்சாவில் பிறந்த ரப்பி (யூத மதகுரு), ஓய்வுநாளைக் கடைப்பிடித்து வாழ்ந்தவர். தாயையும் சகோதரிகளையும் நாஜிகளுக்குப் பறிகொடுத்தவர். அன்று என் கால்கள் ஜெபம் செய்ததாக உணர்ந்தேன் என்றார். மனசாட்சி இன்றைக்கு எரியும், நாளைக்கு அணைந்துவிடும். செதாக்கா என்று யூதர்கள் சொல்லும் தானம் அப்படியல்ல, அது கடமை, தானம் வாங்கிப் பிழைப்பவனும் அதிலிருந்து கொஞ்சம் கொடுத்தாக வேண்டும் என்கிறது யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்மூத்.

மலர்க்கொடி:
கடமை கடமை என்கிறீர்களே, அண்ணா, அந்தச் சட்டமே அநியாயம் செய்தால்? கணவன் தன் விருப்பத்தோடு விவாகரத்துப் பத்திரம் கொடுக்காவிட்டால் மனைவி கட்டுண்டவள், அகுனா என்பார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாலும் மறுமணம் கிடையாது, வேறொருவரிடம் குழந்தை பிறந்தால் அந்தக் குழந்தைக்கும் களங்கம். இஸ்ரேலில் 1995இல் ஒரு சட்டம் போட்டு, மறுக்கிற கணவனைச் சிறையில் அடைக்கலாம் என்றார்கள். அப்போதும் பத்திரம் அவன் கையில்தான். சட்டத்தை அனுஷ்டிப்பவர்கள்தான் இந்தப் பெண்களைக் காக்க வைக்கிறார்கள்.

பாலைவாசி:
மலர், இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, மழுப்ப மாட்டேன். ஆனால் சட்டத்துக்குள்ளிருந்தே வழி திறந்த கதையும் உண்டு. ஏழாம் ஆண்டில் கடனெல்லாம் தள்ளுபடி என்று மோசேயின் சட்டமான தோரா சொன்னது, ஏழைக்காகத்தான். அந்த ஆண்டு நெருங்க நெருங்க யாரும் கடன் கொடுக்கவில்லை, ஏழை இன்னும் மோசமாகச் சிக்கினான். அப்போது பழங்கால யூத அறிஞர் ஹில்லேல், புரோஸ்புல் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார், கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் அது தள்ளுபடியாகாது. காரணமாகப் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்வது 'திக்குன் ஓலாம்', உலகைச் சீர்செய்ய. போஸ்ட்வில்லுக்கு அடுத்த ஆண்டு, 2009இல், வைதீக யூத இளைஞர்களே கோஷர் உணவகங்களுக்குத் தனிச் சான்று கொண்டுவந்தார்கள். அதில் பார்த்தது கூலி, ஓய்வு நேரம், பாதுகாப்பு.

நதிமூலம்:
அந்தச் சான்று நல்ல விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறைச்சி கோஷர் ஆவதற்கு அது கட்டாயம் இல்லையே? என் கேள்வியே அதுதான்.

மலர்க்கொடி:
கடன் கொடுப்பவர்கள் கையை மூடிக்கொண்டதும் ஹில்லேல் வழி கண்டுபிடித்தார். பெண்களுக்கு இப்போது திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதுகிறார்கள், பத்திரம் கொடுக்க மறுத்தால் கணவன் பணம் கட்ட வேண்டும். இனிமேல் கல்யாணம் செய்பவளுக்கு அது உதவும். பதினைந்து வருடமாகக் காத்திருப்பவளுக்கு இன்னும் ஒரு புரோஸ்புல் எழுதப்படவில்லை.