815ஈ மதர்போர்டில் ஒலி இல்லை: கோடெக்கை மாற்ற வேண்டுமா?

கல்தூண்
815ஈ சிப்செட்டும் பென்டியம் 3 செயலியும் கொண்ட 2001ஆம் ஆண்டு மதர்போர்டு ஒன்றைத் துருப்பிடித்த பெட்டியிலிருந்து கழற்றிப் புதிய கேபினெட்டில் பொருத்தியிருக்கிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு நன்றாக ஓடுகிறது. ஒலிக்கான டிரைவரும் ஏறிவிட்டது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எதுவும் இல்லை. பாட்டைப் போட்டால் நேரக்கோடு ஒழுங்காக நகர்கிறது. ஆனால் பின்பக்கப் பச்சைத் துளையில் ஹெட்போனைச் செருகினால் மெல்லிய இரைச்சல்கூடக் கேட்பதில்லை. மியூட் எதுவும் போடப்படவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ரோசின்புகை
கோடெக் போய்விட்டது, ஐயா. ஒலித் துளைகளுக்குப் பக்கத்தில் 48 கால்களுடன் ஒரு சிறிய சதுரச் சிப் இருக்குமே, டிஜிட்டல் தரவை ஒலியலையாக மாற்றும் கோடெக் அதுதான். ஹெட்போனைச் செருகி எடுக்கும்போது கையிலிருந்து பாயும் நிலைமின்சாரம் முதலில் தாக்குவது அதைத்தான். அதே சிப் உள்ள பழுதான பலகை ஒன்றைத் தேடிப் பிடித்து, ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும் கருவி) கொண்டு எடுத்து மாற்றிவிடுங்கள். அந்த ஆண்டுகளில் வந்த மின்தேக்கிகளில் பலவற்றின் மின்பகுதிரவம் மோசமானது என்பதால், கையோடு அவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

மல்டிமீட்டர்தாசன்
ரோசின்புகை அவர்களின் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த முடிவை ஏற்க முடியவில்லை. இந்தப் பலகையில் உள்ளமைந்திருக்கும் ஏசி97 என்ற ஒலி அமைப்பில் ஒலி இரண்டு இடங்களில் உருவாகிறது. தரவை அனுப்பும் டிஜிட்டல் கட்டுப்பாட்டகம், சிப்செட்டின் ஒரு பகுதியான சவுத்பிரிட்ஜ் சிப்புக்குள் இருக்கிறது. அதை மின்னலையாக மாற்றுவது கோடெக். இவ்விரண்டுக்கும் இடையே ஓடும் 12.288 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பைத் தருவது கோடெக்தான், பக்கத்திலுள்ள 24.576 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பைப் பாதியாக்கி அனுப்புகிறது. கோடெக் முற்றிலும் செத்திருந்தால் அந்தத் துடிப்பு வராது. துடிப்பு வராவிட்டால் தரவு நகராது, நேரக்கோடும் நின்ற இடத்திலேயே நிற்கும், பெரும்பாலும் டிரைவரே ஏறாமல் முரண்டு பிடிக்கும். நண்பருக்கு நேரக்கோடு நகர்கிறது என்றால், கோடெக்கின் டிஜிட்டல் பாதி உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

முதலில் பலகையில் முன்பக்க ஒலிக் கம்பியைச் செருகும் பத்து ஊசித் தலைப்பைப் (ஹெடர்) பாருங்கள். எட்டாவது ஊசி மட்டும் இருக்காது. பின்பக்கத்துக்குச் செல்லும் ஒலி அதன் ஐந்தாம் ஊசியில் வெளியேறி ஆறாவதில் திரும்புகிறது. ஒன்பதில் வெளியேறிப் பத்தில் திரும்புகிறது. முன்பக்கத் துளை இல்லாதபோது அந்த இரண்டு ஜோடிகளிலும் ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) இருக்க வேண்டும். கேபினெட் மாற்றியவர்கள் பலர் அந்த ஜம்பர்களைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்பக்கம் ஊமையானதற்குப் பலகையைத் திட்டுவார்கள்.

போதுமடா_சாமி
ஏதேனும் ஒரு பிசிஐ சவுண்ட் கார்டைச் செருகிவிட்டு, பயாஸில் உள்ளமைந்த ஒலியை அணைத்துவிட்டால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி? இந்தப் பலகையின் ஏசி97 ஒலி பிழைத்து எழுந்தாலும், சவுண்ட் பிளாஸ்டரை எதிர்பார்க்கும் டாஸ் விளையாட்டுகளுக்கு அதில் வன்பொருள் ஆதரவு கிடையாது. பாதி வேலைக்கு உதவாத ஒன்றை உயிர்ப்பிப்பதற்காகப் பல அடுக்குப் பலகையில் பற்றவைக்கும் சூட்டுக்கோலை வைப்பது எனக்கு விளங்கவில்லை.

மல்டிமீட்டர்தாசன்
அளந்து பார்க்கச் சூட்டுக்கோல் தேவையில்லை, ஐயா. டாஸ் பற்றியும் ஒரு சொல்: ஐசிஎச் (இன்டெல் சவுத்பிரிட்ஜ்) வகை ஏசி97 ஒலியை டாஸில் சவுண்ட் பிளாஸ்டராகக் காட்டும் எஸ்பிஇஎம்யூ என்ற மென்பொருள் இப்போது இருக்கிறது. எல்லா விளையாட்டுகளிலும் அது ஒத்துழைக்கும் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் "உதவாத ஒன்று" என்பது மிகை.

கல்தூண்
பார்த்துவிட்டேன். புதிய கேபினெட்டின் முன்பக்கக் கம்பியை அந்தத் தலைப்பில் நானேதான் செருகியிருந்தேன். அது ஏசி97க்கு அடுத்து, 2004க்குப் பிறகு வந்த எச்டி ஆடியோ முறைக் கம்பி. அதைக் கழற்றிவிட்டு, பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்த இரண்டு ஜம்பர்களைப் போட்டேன். பின்பக்கம் இன்னமும் ஊமைதான். கழற்றுவதற்கு முன் முன்பக்கத் துளையிலும் கேட்டுப் பார்த்தேன். அங்கும் ஒலி இல்லை.

ரோசின்புகை
முன்பக்கமும் ஊமையாக இருந்தது என்ற ஒன்றே போதும், ஜம்பர் மூல காரணமல்ல என்பதற்கு. அந்தக் கம்பி எந்த முறையைச் சேர்ந்ததாக இருந்தாலும் ஐந்தாம், ஒன்பதாம் ஊசிகளின் ஒலி முன்பக்க ஹெட்போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். டிஜிட்டல் பாதி உயிரோடு இருப்பதாக மல்டிமீட்டர்தாசன் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சிப்பின் அனலாக் பாதி எரிந்திருக்கலாம் அல்லவா? மீண்டும் கோடெக்கிடமே வந்து நிற்கிறோம்.

மல்டிமீட்டர்தாசன்
ஜம்பர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அனலாக் பாதிக்குத் தனி மின்வழங்கல் உண்டு. டிஜிட்டல் பகுதி 3.3 வோல்ட்டில் இயங்கும். அனலாக் பகுதிக்கு வேண்டிய தூய 5 வோல்ட்டைப் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்து 78எல்05 என்ற சிறிய மின்னழுத்த ரெகுலேட்டர்தான் இறக்கித் தரும். கல்தூண், கோடெக்கின் 25ஆம், 38ஆம் கால்களில் மின்னழுத்தத்தை அளந்து சொல்லுங்கள். கால்கள் மிக நெருக்கமாக இருப்பதால் மீட்டர் முனை வழுக்கினால் இரண்டு கால்கள் ஒட்டிவிடும். முனையில் ஒரு குண்டூசியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கல்தூண்
25இல் 0.3 வோல்ட், 38இலும் அதேதான். ரெகுலேட்டரின் உள்ளீட்டில் 11.9 வோல்ட் வருகிறது.

மல்டிமீட்டர்தாசன்
அப்படியானால் ரெகுலேட்டர்தான் குற்றவாளி. மாற்றிவிடுங்கள்.

ரோசின்புகை
இப்போது அவசரப்படுவது நீங்கள். 78எல்05க்குள் மின்னோட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. கோடெக்கோ அதன் பக்கத்து மின்தேக்கியோ உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால், நல்ல ரெகுலேட்டர்கூடத் தன் வெளியீட்டைத் தாழ்த்திக்கொள்ளும். 0.3 வோல்ட் என்ற அளவு நோய் இருப்பதைச் சொல்கிறது, நோயாளி யார் என்பதைச் சொல்லவில்லை. வெளியீட்டுக் காலை மட்டும் பலகையிலிருந்து தூக்கிவிட்டு அளக்க வேண்டும். 5 வோல்ட் வந்தால் சுமையில் ஷார்ட். வராவிட்டால் ரெகுலேட்டர் பழுது.

மல்டிமீட்டர்தாசன்
என் பிழைதான். அதைச் செய்யாமல் மாற்றச் சொல்லியிருக்கக் கூடாது.

கல்தூண்
காலைத் தூக்கிய பிறகும் 0.3 வோல்ட்தான் காட்டுகிறது. அதன் பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பலகையின் பக்கம் தரைக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையே தடையை அளந்தேன், ஷார்ட் இல்லை. சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் நாளை ஒரு 78எல்05 வாங்கி வருகிறேன்.

ரோசின்புகை
வாங்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இதே வகையில் பெரிய ரெகுலேட்டரான 7805இல் எழுத்துள்ள முகம் நம்மைப் பார்க்க, இடக்கால் உள்ளீடு, வலக்கால் வெளியீடு. சிறிய 78எல்05இல் தட்டையான முகம் நம்மைப் பார்க்கும்போது அது தலைகீழ்: இடக்கால் வெளியீடு, நடுக்கால் தரை, வலக்கால் உள்ளீடு. பெரியதன் பழக்கத்தில் சிறியதைத் திருப்பிப் பொருத்தி 12 வோல்ட்டை நேராகக் கோடெக்குக்கு ஊட்டிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

கல்தூண்
பொருத்திவிட்டேன். 25ஆம் காலில் 4.97 வோல்ட். விண்டோஸ் தொடங்கும் ஒலி கேட்டது. நள்ளிரவில் வீட்டில் இருந்தவர்களுக்கும் கேட்டது. ஒரே ஒரு குறை, இடது காதில் பாட்டு மெலிந்து, தாளக்கட்டே இல்லாமல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கிறது.

ரோசின்புகை
மின்தேக்கிகளை மாற்றுங்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னேனே! கோடெக்குக்கும் துளைக்கும் இடையே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மின்தேக்கி இருக்கும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 32 ஓம் ஹெட்போனுடன் சேர்ந்து, கீழே சுமார் 50 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகளையும் விடும். அது காய்ந்து 10 மைக்ரோஃபாரட்டாகக் குறைந்தால், 500 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதெல்லாம் அடங்கத் தொடங்கும். உங்கள் இடது காது கேட்பது அதைத்தான்.

மல்டிமீட்டர்தாசன்
இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதும். பலகையிலுள்ள எல்லா மின்தேக்கிகளையும் மாற்றச் சொன்னதை இப்போதும் ஏற்க மாட்டேன்.

போதுமடா_சாமி
ஆறு நாட்கள் ஆகிவிட்டன. நான் சொன்ன கார்டைச் செருகியிருந்தால் முதல் நாளே பாட்டுக் கேட்டிருக்கலாம்.

கல்தூண்
இரண்டு மின்தேக்கிகளையும் மாற்றியாயிற்று. இரண்டு காதுகளும் இப்போது சமம். போதுமடா_சாமி அவர்களுக்கு: டாஸ் விளையாட்டுகளுக்காக ஒரு பிசிஐ கார்டையும் வாங்கியிருக்கிறேன். எஸ்பிஇஎம்யூவை முதலில் முயன்று பார்த்த பிறகுதான் அதைச் செருகுவேன்.