மின்னணு டிரம்மின் ஸ்நேர் பேட் விட்டுவிட்டு ஒலிக்கிறது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், கீழ்வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் பயிற்சி செய்வதற்காகப் பழைய மின்னணு டிரம் செட் ஒன்றை வாங்கி, ஓராண்டாக வாசித்து வருகிறேன். மூன்று வாரங்களாக அதன் ஸ்நேர் பேட் (ஸ்நேர் டிரம்மின் ஒலிக்காகக் குச்சியால் தட்டும் பகுதி) மட்டும் படுத்துகிறது: மெல்லத் தட்டினால் பல அடிகள் காணாமல் போகின்றன, ஓங்கி அடித்தால் ஒரே அடி இரண்டாக ஒலிக்கிறது.

ஸ்நேரின் கேபிளில் இன்னொரு டிரம்மான டாமின் பேடை மாட்டிப் பார்த்தேன். அது ஒழுங்காக வேலை செய்ததால், கேபிளிலோ, ஒலியை உருவாக்கும் பெட்டியான மாட்யூலிலோ கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். மாட்யூலில் சென்சிட்டிவிட்டியை (அடியை உணரும் திறனை) கூட்டினால், கிக்கை மிதிக்கும்போது சட்டகத்தின் அதிர்வில் ஸ்நேரும் சேர்ந்து ஒலிக்கிறது. அதைத் தடுக்க திரெஷோல்டை (ஒலி எழத் தேவையான குறைந்தபட்ச அடி வலிமையை) உயர்த்தினால், மெல்லிய அடிகள் அடியோடு போய்விடுகின்றன. ஒரே அடி மீண்டும் ஒலிப்பதைத் தடுக்கும் ரீட்ரிகர் அமைப்பை மாற்றியதில் இரட்டை ஒலி ஓரளவு குறைந்தது, அவ்வளவுதான்.

நேற்று வலைத்தோலைக் கழற்றிப் பார்த்தபோது, அடியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பீசோ தகட்டின் மேல் நிற்கும் நுரைக்கூம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நுனி சப்பையாகி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. இந்த ஊர்ப் புழுக்கம் அதையும் விட்டுவைக்கவில்லை போலும். பீசோவின் சிவப்புக் கம்பியும் பற்றவைத்த இடத்தில் இலேசாக ஆடுகிறது.

கூம்பை மட்டும் மாற்றினால் போதுமா, அல்லது சிம் லிம் டவரில் புதிய பீசோ வாங்கிவிடுவது நல்லதா? என்னுடைய தகடு 27 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 35 மில்லிமீட்டர் தகட்டைப் பொருத்தியவர்கள் இருந்தால், மாட்யூலில் எவற்றை மாற்ற நேர்ந்தது என்று சொல்லுங்கள். சூடு மிஞ்சினால் பீங்கான் பரப்பு கெட்டுவிடும் என்பதால், கம்பியைப் பற்றவைக்க எனக்குக் கை வரவில்லை.