முன் டயர் இரண்டு ஓரமும் மொட்டை, நடுவில் மட்டும் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர்) இருக்கிறது. அலைன்மென்ட்தானா?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். சின்ன கார். நான்கு டயரும் மாற்றி 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதற்குள் முன்டயர் இரண்டிலும் உள் ஓரம், வெளி ஓரம் இரண்டும் வழவழவென்று ஆகிவிட்டன. போன வாரம் மழையில் தவளக்குப்பம் அருகே பிரேக் அடித்தேன், வண்டி வழுக்கிக்கொண்டே போய் நின்றது. அப்புறம்தான் குனிந்து டயரைப் பார்த்தேன். கடையில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், சரியில்லை என்கிறார்கள். ஆறு மாதத்தில் இரண்டு முறை செய்தாயிற்று. காற்றில் குறை வைப்பதில்லை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை புதுச்சேரி மரப்பாலம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் 33 பாயிண்ட் (psi) வைக்கிறேன்.

உப்பங்காற்று:
40 வையுங்க சார். ஓரம் தேயாது, மைலேஜும் கிடைக்கும்.

பழைய டயர்க்கடை:
40 வேண்டாம் தம்பி. அப்படி வைத்தால் டயர் நடுவில் புடைத்துக்கொண்டு நடுப்பகுதி தேயும், தரையில் படும் இடமும் குறையும். மழையில் பிரேக் இன்னும் மோசமாகும். டயர் பக்கவாட்டில் 44, 51 என்று போட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, நிரப்ப வேண்டிய அளவு இல்லை.

கெடிலக்கரை சார், அலைன்மென்ட் கெட்டால் பெரும்பாலும் ஒரு பக்க ஓரம்தான் போகும். இரண்டு ஓரமும் சேர்ந்து போனால் காற்றுக் குறைவு. ஒன்று சொல்லுங்கள், அந்த பங்கில் காற்று ஏற்றுகிறார்களா, இறக்குகிறார்களா?

கெடிலக்கரை:
இப்போது யோசித்தால்... இறக்குகிறார்கள்! மெஷினில் 33 என்று தட்டியதும் புஸ்ஸென்று சத்தம் வரும். '37 இருக்கு சார், ஜாஸ்தி' என்பான் அந்தப் பையன். நானும் நம் வண்டியில் காற்றே இறங்குவதில்லை என்று பெருமையாக இருந்தேன்.

பழைய டயர்க்கடை:
அங்கேதான் விஷயம். கார் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள 33, ஆறிய டயருக்கான அளவு. கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டர் வெயிலில் ஓட்டிப் போனால் டயர் சூடாகி நான்கு பாயிண்ட் வரை ஏறும். அதைக் கழித்துவிட்டால் மறுநாள் காலை டயரில் 29தான். காற்று குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும், அந்த மடிப்பிலேயே உள்ளே சூடு ஏறும். வேகமாக, நிறைய பாரத்தோடு போகும்போது டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முன்பக்கம் எஞ்சின் பாரமும் திருப்பமும் இருப்பதால் முதலில் அங்கே தெரிகிறது.

சொந்தமாகக் காற்று அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி, நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் அளந்து எழுதுங்கள். ஸ்டெப்னியையும் விடாதீர்கள்.

கெடிலக்கரை:
காலை ஆறு மணிக்கு அளந்தேன். முன் வலது 28, முன் இடது 24, பின்னால் 29, 29. ஸ்டெப்னி 15, வெட்கமாக இருக்கிறது. இடது மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

ரெட்டிச்சாவடி:
வால்வு மூடியைக் கழற்றி வால்வின் வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள் அண்ணா. குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின் (காற்றை அடைக்கும் ஊசி) போயிருக்கும். சின்னச் செலவுதான், மாற்றிவிடலாம்.

கெடிலக்கரை:
குமிழி வந்தது! ரெட்டிச்சாவடி தம்பிக்கு ஒரு டீ கடன். வால்வு பின்னை மாற்றி, ஆறிய டயரில் 33 வைத்தாயிற்று. இந்த முன்டயர்களை இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்?

பழைய டயர்க்கடை:
டயரின் காடிக்குள் (பட்டன்களுக்கு இடையே ஓடும் பள்ளம்) குறுக்கே சின்ன மேடு இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். ஓரக் காடியில் ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டதா?

கெடிலக்கரை:
ஆகிவிட்டது.

பழைய டயர்க்கடை:
அப்படியென்றால் நடுவில் எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மழைக்காலம் வரை இழுக்காதீர்கள். புதிய இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள், பின்னால் இருக்கும் நல்ல டயர்கள் முன்னுக்கு வரட்டும்.

கெடிலக்கரை:
என்ன சார், புதுசு முன்னால்தானே?

பழைய டயர்க்கடை:
எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். ஈரச் சாலையில் முன்டயர் வழுக்கினால், ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். பின்டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், சுதாரிக்க நேரம் கிடைக்காது.

கெடிலக்கரை:
சரி சார். சனிக்கிழமை மாற்றுகிறேன். இனி பங்கில் புஸ் சத்தம் கேட்டால் நானே குழாயைப் பிடுங்கிவிடுவேன்.