கோபுர ஸ்கேனில் மேல்நிலைகள் இரட்டையாகத் தெரிகின்றன, உதவி தேவை

வணக்கம். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் இருப்பது போன்ற, சுதைச் சிற்பங்கள் அடர்ந்த ஒரு கோபுரத்தின் லேசர் ஸ்கேன் தரவு இது. மொத்தம் 14 நிலையங்கள் (ஸ்கேனரை நிறுத்தி அளந்த இடங்கள்). 10 மீட்டரில் 6 மி.மீ. புள்ளி இடைவெளி. கீழ்த்தளங்கள் 3 மி.மீ.க்குள் பொருந்துகின்றன. கோபுரத்தின் மூன்றாம் நிலைக்கு மேல் ஒரே சிற்பம் 15 மி.மீ. விலகி இரண்டாகத் தெரிகிறது.

சந்தேகம் இரண்டு. ஸ்கேன்களை ஒன்றோடொன்று பொருத்த வைத்த குறியட்டைகள் எல்லாமே தரையிலிருந்து 2 மீட்டருக்குள்தான் இருந்தன. 0.06 பாகை சாய்வுப் பிழை இருந்தாலே 15 மீட்டர் உயரத்தில் இந்த அளவு விலகல் வந்துவிடும். இன்னொன்று, நான்கு நிலையங்கள் எதிரிலுள்ள கடைவீட்டின் மாடியில் வைக்கப்பட்டவை. பலகைத் தரை, பக்கத்தில் யாராவது நடந்தாலே முக்காலி அசையும். அதனால் சாய்வுத் திருத்தி (ஸ்கேனரின் சாய்வை உணர்ந்து சரிசெய்யும் பகுதி) அங்கே அணைக்கப்பட்டிருந்தது. (பலகைத் தரையே வேண்டாம் என்பீர்கள். தெருவிலிருந்து மேல்நிலை தெரியாதே!)

கோபுரத்தின் மேல் ஜன்னல் விளிம்புகளை டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவி) அளந்து, அந்த நான்கை மட்டும் மறுபடி இணைத்தால் போதுமா? அல்லது மறுஸ்கேன்தான் வழியா?

சிற்பங்களின் கை, ஆயுத விளிம்புகளுக்குப் பின்னால் பேய்ப்புள்ளிகளும் தொங்குகின்றன. கதிரில் பாதி விரலிலும் பாதி பின்சுவரிலும் படுவதால் வருபவை. கிளவுட்கம்பேர் மென்பொருளில், விலகி நிற்கும் புள்ளிகளை நீக்கும் எஸ்.ஓ.ஆர். வடிகட்டியை இறுக்கினால் விரல்களே போய்விடுகின்றன. வடிகட்டியின் எந்த அளவுகள் உங்களுக்குச் சரிப்பட்டன? மாதிரித் துண்டு ஈ57 (ஸ்கேன் புள்ளிகளுக்கான பொது வடிவம்) கோப்பாக உள்ளது; கேட்பவர்களுக்கு அனுப்பலாம்.