தொட்டிக்கு அடியில் கட்டியது ஆப்பிரிக்கத் தேனீயா?

கோபி பெட்டிக்காரன்: ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்குவது ஆப்பிரிக்கக் கொலைகாரத் தேனீ என்று போட்டிருக்கிறார். காரணம், "நம்ம பெட்டித் தேனீயைவிடப் பெரிசா இருக்குது." பதினெட்டு வருசமாகப் பெட்டி வைத்திருக்கிறவனுக்கு வயிறு எரியுதுங்க. அது மலைத்தேனீ. கொலைகாரத் தேனீ என்கிற ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீ, பெட்டியில் வளர்க்கிற ஐரோப்பிய வகையான இத்தாலியத் தேனீயைவிட ஒரு பொடி சிறிசு.

உடுமலை மாப்பிள்ளை: போட்டது நான்தானுங்க. பெரிசாத்தான் இருந்தது. காதுகுத்துக்குச் சமையல் போட்டோம், புகை போனதும் இறங்கி, வாய்க்கால் வரைக்கும் துரத்தியது. சாதாரணத் தேனீ அப்படித் துரத்துமா?

கோபி பெட்டிக்காரன்: மலைத்தேனீ துரத்தும். 1956இல் வார்விக் கெர் என்கிற பிரேசில் விஞ்ஞானி ஆப்பிரிக்க ராணித் தேனீக்களைப் பிரேசிலுக்குக் கொண்டுபோனார். அடுத்த வருசம் 26 கூட்டம் தப்பி, அங்கிருந்த ஐரோப்பியத் தேனீயோடு கலந்து, 1990இல் டெக்சாஸ் போய்ச் சேர்ந்தது. உடுமலைக்கு எந்த பஸ்ஸில் வந்தது?

சென்னிமலை சரசு: பழனி பஸ்ஸாக இருக்கும். நின்றுகொண்டே வந்திருக்கும், பாவம்.

உடுமலை மாப்பிள்ளை: கிண்டல் வேண்டாங்க அக்கா. பெரிசா இருந்தது என்கிறேன்.

கோபி பெட்டிக்காரன்: பெரிசாக இருந்தாலே அது இல்லை! இத்தாலியத் தேனீயையும் அதையும் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இறக்கையை அளக்கணும், இல்லாவிட்டால் டிஎன்ஏ பார்க்கணும். விஷம்கூட ஒன்றுதான், கொட்டினால் அதுவும் செத்துப்போகும். கூட்டமாக வந்து வெகுதூரம் விரட்டுவதுதான் அதன் கெட்ட பேர். உங்கள் தொட்டியில் முறம்போல ஒற்றை அடை, திறந்தவெளியில் தொங்குதா? பக்கத்தில் போனால் மேலிருக்கும் ஈயெல்லாம் சரசரவென்று அலை அடிக்குதா?

உடுமலை மாப்பிள்ளை: அடிக்குது. ஆனால் பெரிசு.

பொள்ளாச்சித் தோப்பு: நடுவில் வருகிறேன், மன்னிக்கணும். இந்தக் கோபிக்காரர் எனக்குக் கொடுத்த ஆறு பெட்டியில் நாலு ஒரே மாதத்தில் ஓடிப்போச்சு. இத்தாலியன் என்று சொல்லித்தான் கொடுத்தார். வந்து பார்த்தவர்கள் எல்லாம் நம்ம ஊர் அடுக்குத் தேனீ என்றார்கள்.

சென்னிமலை சரசு: இறக்கையை அளக்கச் சொல்கிறவர் விற்கும்போது அளந்தாரா?

கோபி பெட்டிக்காரன்: ஸ்டாண்டு காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்க, எறும்பு ஏறினால் ஈ நிற்காது என்று தலையால் அடித்துக்கொண்டேன். வைத்தாரா? அதோடு ரெண்டு பெட்டிக்குப் பணம் இன்னும் பாக்கி. அதைக் கேட்டால் உடனே ஈ ஓடிவிடும்.

உடுமலை மாப்பிள்ளை: அடுக்குத் தேனீயே தெரியாதவர்தான் எனக்குப் பாடம் எடுக்கிறாரா?

கோபி பெட்டிக்காரன்: தம்பி, தொட்டிக்குக் கீழே செத்து விழுந்தது ஒன்றைப் பொறுக்கி வாங்க. என் பெட்டி ஈக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

உடுமலை மாப்பிள்ளை: பெரிசாத்தான் இருக்கும். அதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்.

பொள்ளாச்சித் தோப்பு: கிண்ணம் வைத்தேன். போட்டோ இருக்குது, தேதியோடு.